வெள்ளியின் அடியில் ஒரு பெயர்: சென்னை ஆர் குடும்பத்தாரின் வாணிகமும் நம் கம்மாளரும்

கல்வராயன் மலையின் அடிவாரத்து ஊராகிய கள்ளக்குறிச்சியில் மரச்சிற்பத் தொழில் தலைமுறை தலைமுறையாக நடைபெற்று வருகிறது. 2021ஆம் ஆண்டில் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்திற்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. வேற்றூரில் செய்த பொருளை இவ்வூர்ப் பெயரால் விற்பதை அது தடுக்கிறது. வரவேற்கத்தக்க செயலே. எனினும் அக்குறியீடு காப்பது ஊரின் பெயரையே. ஒவ்வொரு சிற்பத்தின் மீதும் உளி பிடித்தவனின் பெயர் இருத்தல் வேண்டும் என்று அது கேட்பதில்லை.

தச்சருக்குப் பொருந்தும் இச்செய்தி தட்டாருக்கும் பொருந்தும். கொல்லர், தச்சர், கன்னார், தட்டார், கற்சிற்பியர் ஆகிய ஐவகைக் கம்மாளரும் ஒரே மரபினராகத் தம்மைக் கருதுவோர். கள்ளக்குறிச்சித் தச்சன் மரத்தில் செதுக்கும் யாளியும் அன்னமும் தாமரையும் வெள்ளித் தகட்டில் தட்டான் புடைத்தெடுக்கும் உருவங்களோடு உறவுடையவை. அத்தட்டாரின் கைத்திறனைக் கொண்டு சென்னையில் பெரும்புகழ் ஈட்டிய பிரிட்டிஷ் குடும்ப நிறுவனம் ஒன்றின் வரலாற்றை ஈண்டு நோக்குவோம். இறையியல் இதழுக்கும் வெள்ளிக்கடைக்கும் என்ன தொடர்பு என்று கேட்போர், தம் சபையின் பழைய திருவிருந்துப் பாத்திரத்தை ஒருமுறை கவிழ்த்துப் பார்ப்பாராக.

பழம்பாத்திரங்களின் அடியில் காணப்படும் முத்திரைகள் பலவகையின. இங்கிலாந்தில் செய்த வெள்ளியாயின் செய்தவரின் முதலெழுத்துகளும், நடைபோடும் சிங்க உருவும், சோதனைச்சாலைக்குரிய ஊர்க்குறியும், ஆண்டைக் காட்டும் ஓர் எழுத்தும் இருக்கும். நங்கூரம் பர்மிங்காமைக் குறிக்கும். சிறுத்தைத் தலை லண்டனைக் குறிக்கும். 1000 பங்கில் 925 பங்கு தூய வெள்ளி என்பதற்கு அச்சிங்கமே சான்று. இ.பி.என்.எஸ். என்னும் நான்கெழுத்துகள் மட்டும் இருப்பின் பாத்திரம் வெள்ளியன்று. நிக்கல் கலந்த உலோகத்தின்மேல் மின்முறையால் வெள்ளிமுலாம் பூசியது. பர்மிங்காமின் எல்கிங்டன் குடும்பத்தார் 1840இல் இம்முலாம் முறைக்குக் காப்புரிமை பெற்றபின், வெள்ளி வாங்க இயலாத ஏழைச் சபைகளுக்கும் வெள்ளிபோல் ஒளிரும் பாத்திரம் எட்டியது. இதில் நாணுதற்கு ஒன்றுமில்லை.

சில பொருள்களில் மேற்கூறிய குறி ஒன்றும் இராது. பி. ஆர் அண்டு சன்ஸ் என்னும் பெயர் மட்டும் ஆங்கிலத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் மதராஸ், ரங்கூன் என்னும் ஊர்ப்பெயர்களும் உடன் இருக்கும். தமிழில் எழுதுங்கால் 'பி.ஆர்.' என்பது யாரோ ஒருவரின் தலையெழுத்துகள்போல் மயக்கம் தருகிறது. ஆனால் 'ஆர்' என்பது குடும்பப் பெயர். பீட்டர் நிக்கோலஸ் ஆர் என்பவரே நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்.

கடிகாரத் தொழிலறிந்த பீட்டர் ஆர் 1840களில் சென்னைக்கு வந்து, ஜார்ஜ் கார்டன் என்பவரின் கடிகார வாணிகத்தில் சேர்ந்து, அப்பத்தாண்டு முடியுமுன் அதனைத் தாமே ஏற்று நடத்தலானார். பின்னர் மகன்மாரும் சேர, நிறுவனப் பெயரில் 'மக்கள்' என்னும் சொல் இணைந்தது. கடிகாரம், அறிவியற் கருவி, நகை, வெள்ளிப் பாத்திரம் அனைத்தும் அங்கு விற்கப்பட்டன. மௌண்ட் ரோடில் 1870களில் எழுந்த அவர்களது விற்பனைக்கூடத்தை வரைந்தவர் ராபர்ட் சிஷம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தை வகுத்தவரும் அவரே. கல்கத்தாவில் 1808இல் ராபர்ட் ஹாமில்டன் தொடங்கிய ஹாமில்டன் கம்பெனி பெற்றிருந்த இடத்தைத் தென்னாட்டில் ஆர் குடும்பத்தார் பெற்றனர் எனலாம்.

இத்தகைய கடைகளிலிருந்து வெளிவந்தவற்றின் பட்டியல் காலனியாட்சியின் சடங்குகளின் பட்டியலேயாகும்: குதிரைப் பந்தயக் கோப்பைகள், ஆளுநர்க்கு வாழ்த்துமடல் வைத்தளிக்கும் பேழைகள், துரைமார் தாயகம் திரும்புகையில் பெறும் பரிசுத் தட்டுகள், அடிக்கல் நாட்டும் வெள்ளிக் கரணைகள். கொத்தன் அன்றாடம் பிடிக்கும் இரும்புக் கரணையை விட்டு, ஒருநாள் மட்டும் ஒருவர் கையில் ஏறும் வெள்ளிக் கரணையை நம் ஆலயங்களின் அடிக்கல் விழாக்களும் அறிந்திருந்தன.

நிறுவனத்தின் பெயரைக் கடல் கடந்து கொண்டு சென்றது 'சாமி வேலை' என்று வழங்கிய பணி. ஐரோப்பிய வடிவத் தேநீர்ப் பாத்திரம் ஒன்றைக் கற்பனை செய்க. அதன் உடலைச் சுற்றிலும் கோயில் மண்டபத்தின் மாடங்கள்போல் வளைவுகள். ஒவ்வொரு மாடத்திலும் ஒரு தெய்வம், அல்லது வாகனத்தின்மேல் அமர்ந்த தெய்வம். கைப்பிடி, படமெடுத்த நாகம். பால்குவளைக்கும் சர்க்கரைக் கிண்ணத்திற்கும் அவ்வாறே. நகைகளிலும் பொற்றகட்டில் சிறு தெய்வ உருவங்களைப் புடைத்து, கழுத்தணியாகவும் கைவளையாகவும் கோத்தனர்.

இதன் செய்முறை நம் நாட்டினதே. வெள்ளித் தகட்டை அரக்குப் படுக்கையில் பதித்து, பின்புறமிருந்து மழுங்கிய உளிகளால் தட்டி உருவைப் புடைக்கச் செய்வர். அரக்கை இளக்கித் தகட்டைத் திருப்பி, முன்புறத்தில் கூரிய உளியால் கண், விரல், ஆடை மடிப்பு ஆகியவற்றைத் தெளிவாக்குவர். இவ்வாறு தனித்தனியே முடிந்த தகடுகளைப் பொடி வைத்து ஊதிப் பாத்திரத்தின்மேல் பற்றவைப்பர். (பொடி வைத்துப் பேசுதல் என்று நாம் வழங்குவது இத்தொழிலிலிருந்து வந்ததே.) ஊதுகுழலில் மூச்சு சற்று மிகுந்தால் பல நாள் உழைப்பு உருகிவிடும். செம்பின்மேல் வெள்ளி உருவம் பதிக்கும் தஞ்சாவூர்த் தட்டு வேலை அறிந்தோர்க்கு இது புதிதன்று.

வெள்ளிக்கு ஊற்று பெரும்பாலும் ரூபாய் நாணயமே. 1835ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ரூபாய் ஒரு தோலா, அதாவது 180 கிரெயின் எடை. அதில் 12 பங்குக்கு 11 பங்கு தூய வெள்ளி. இங்கிலாந்தின் 925 தரத்திற்கு மிகவும் அண்மையானது. ஆதலால் பாத்திரத்தைத் தராசின் ஒரு தட்டிலும் ரூபாய்களை மறு தட்டிலும் வைத்து விலை காணுதல் எளிதாயிற்று. எடைக்கு எடை ரூபாய், மேலே செய்கூலி. இந்தியாவில் கட்டாய முத்திரைச் சோதனை இல்லாமையால் தரத்திற்குப் பிணை விற்பவரின் பெயர் ஒன்றே. ஆர் என்னும் பெயர் அத்துணை மதிப்புப் பெற்றதற்கு இதுவே தலையாய காரணம் என்று கருதுகிறேன். மக்கள் வாங்கியது வெள்ளியை மட்டுமன்று. ஒருவர் சொல்லையும் வாங்கினர்.

1875-76இல் வேல்ஸ் இளவரசர், பின்னாளில் ஏழாம் எட்வர்ட் மன்னர், இந்தியச் சுற்றுப்பயணம் மேற்கொண்டு 1875 டிசம்பரில் சென்னைக்கும் வந்தார். மன்னரும் சிற்றரசரும் அளித்த கைவினைப் பொருள்கள் கப்பலில் சென்று முதலில் லண்டனிலும், 1878இல் பாரிஸ் கண்காட்சியிலும் வைக்கப்பட்டன. இந்திய வெள்ளிவேலைமீது ஐரோப்பாவில் நாட்டம் பெருகியது. ஆயினும் அங்கு நுழைவது எளிதன்று. வெள்ளிப் பாத்திரங்களுக்கு இங்கிலாந்தில் அவுன்ஸ் ஒன்றுக்கு 1 ஷில்லிங் 6 பென்ஸ் வரி இருந்தது. வெளிநாட்டுப் பொருள் அந்நாட்டுச் சோதனைச்சாலையின் தரத்திற்கும் ஒத்திருத்தல் வேண்டும். நுண்ணிய வேலையுள்ள பாத்திரத்தில் சோதனைக்காகச் சுரண்டுவது அதனைக் கெடுப்பதாகும் என்ற முறையீடு எழுந்தது. இந்திய வாணிகத்திற்குத் தீங்கு என்று பலர் வாதிட்ட அவ்வரி 1890இல் நீக்கப்பட்டது. அதற்குள் உலகச் சந்தையில் வெள்ளியின் விலை சரிந்துகொண்டிருந்தது. 1870களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 2 ஷில்லிங் பெற்ற ரூபாய் வீழ்ந்துகொண்டே வர, 1893இல் தனியார் வெள்ளியை நாணயமாக அடித்துத் தருவதை இந்திய அரசு நிறுத்திற்று. அதன்பின் ரூபாயின் மதிப்பு அதன் வெள்ளியின் மதிப்பினின்று பிரிந்தது. எடைக்கு எடை என்னும் பழைய எளிய கணக்கு நிலைகுலைந்தது.

சாமி வேலையைக் குறைகூறியோரும் இருந்தனர். இந்தியக் கைவினையைப் பற்றி 1880இல் பெருநூல் எழுதிய ஜார்ஜ் பேர்ட்வுட் போன்றோர், ஊர்ப்புறக் கைவினைஞனைப் போற்றி, ஐரோப்பிய மாதிரிகள் அவனது கலையைக் கெடுப்பதாக வருந்தினர். அவ்வருத்தத்தில் உண்மை உண்டு. எனினும் அஃது அரை உண்மை. கோயிற்பணி குறைந்து, குறுநில மன்னரின் ஆதரவும் ஒழிந்த காலத்தில், மௌண்ட் ரோடுக் கடை தந்த கூலியால் அடுப்பெரிந்த வீடுகளை அவர்கள் எண்ணினார்களா?

இறையியல் மாணவர்க்கு வேறொரு கேள்வி எழும். விக்கிரகம் செய்வோன் கிறிஸ்தவனாக இருத்தல் கூடுமா என்று தெர்த்துல்லியன் விக்கிரகாராதனை பற்றிய தம் நூலில் கடுமையாக வினவினார். ஹிப்பொலித்துவின் பெயரால் வழங்கும் திருச்சபை ஒழுங்கு நூலும், சிற்பி விக்கிரகம் செய்வதை விட்டாலன்றி அவனைத் திருமுழுக்குக்கு ஆயத்தப்படுத்தலாகாது என்கிறது. எபேசு நகரின் தட்டானாகிய தெமேத்திரியுவை நாம் அறிவோம். தியானாளின் வெள்ளிக் கோயில்களைச் செய்து ஆதாயம் பெற்றவன் அவன். இவ்வளவு எச்சரிக்கையும் தொழிலாளியை நோக்கியதாகவே இருப்பதைக் கவனிக்க. வாங்குவோனைப் பற்றிப் பேச்சு குறைவு. சென்னையில் நிலைமை தலைகீழ். தெய்வ உருவைப் பக்தியோடு அறிந்த கம்மாளன் அதனைச் செய்தான்; கிறிஸ்தவ நாட்டினராகத் தம்மைக் கருதியோர் அதனைத் தேநீர் மேசையில் வைத்து வேடிக்கை பார்த்தனர். முன்னவனை விக்கிரகாராதனைக்காரன் என்ற நம் பழைய பிரசங்கங்கள் பின்னவரைப் பற்றி வாய்திறந்தது அரிது. ஒரு மக்களின் வணக்கத்தை அணிகலனாக்கிக்கொள்வது எவ்வகைக் குற்றம் என்பதைச் சமய உரையாடல் பற்றிப் பேசும் நாம் இன்னும் ஆராயவில்லை.

பெயரைப் பற்றிய செய்திக்கு மீள்வோம். விற்பவர் பெயரைப் பொறிப்பதே அக்காலத்து வழக்கம். ஆர் குடும்பத்தாரை மட்டும் குற்றஞ்சாட்டுவது நீதியன்று. இங்கிலாந்திலும் 'செய்தவர்' முத்திரை பட்டறை உரிமையாளருடையதே. சுத்தியல் பிடித்தவன் வேறொருவனாக இருக்கலாம். எனினும் மாறாக நடந்ததும் உண்டு. கட்சு நாட்டுப் பூஜ் நகரில் அரசவைத் தட்டாராக இருந்த ஊமர்சி மாவ்ஜி தம் பெயரின் முதலெழுத்துகளாகிய ஓ.எம். என்பனவற்றையே தம் வெள்ளியில் பொறித்தார். இன்று அவர் வேலையை உலகெங்கும் பெயர் சொல்லி இனங்காண்கின்றனர். சென்னைச் சாமி வேலையைச் செய்த கம்மாளர்க்கோ அந்த வாய்ப்பில்லை. காட்சியகங்களில் அவர்தம் பணி கடையின் பெயராலேயே அறியப்படுகிறது.

வேதாகமம் இவ்வகையில் வேறு வழி செல்கிறது. ஆசரிப்புக் கூடாரத்தின் பணிமூட்டுகளைச் செய்த பெசலெயேலுக்குத் தந்தையின் பெயரும் கோத்திரத்தின் பெயரும் தரப்பட்டுள்ளன. உடனிருந்த அகோலியாபுக்கும் அவ்வாறே. சாலொமோனின் ஆலயத்திற்கு வெண்கலப் பாத்திரங்கள் வார்த்த ஈராம், தீரு நாட்டுத் தந்தைக்குப் பிறந்தவன் என்பதும் மறைக்கப்படவில்லை. பிற நாட்டான் மகன் கைப்பட்ட பாத்திரங்கள் ஆலயத்தில் இருந்தன. அவன் பெயரும் அவற்றோடு இருந்தது.

நம் சபைகளின் சொத்துப் பதிவேடுகளில் பாத்திரத்தின் எடை எழுதப்படும். யாருடைய நினைவாக எவர் கொடுத்தார் என்பதும் எழுதப்படும். தேய்ந்த பழம்பாத்திரத்தைக் கொடுத்துப் புதியது வாங்கும் ஆயர்கள், கடைக்காரர் அதனை உருக்குமுன் அடிப்புற முத்திரையையேனும் படியெடுத்து வைத்தல் நன்று. எந்தச் சபை, எந்த ஆண்டில், எவ்விடத்து வெள்ளியைப் பெற்றது என்னும் செய்தியைச் சில வேளைகளில் அம்முத்திரையைத் தவிர வேறெதுவும் சொல்வதில்லை.

இருபதாம் நூற்றாண்டில் சாமி வேலையின் வேட்கை தணிந்தது. நாடு விடுதலை பெற்றபின் நிறுவனம் இந்தியர் கைக்கு வந்தது. வெள்ளி பின்தங்க, தொடக்கத்தில் இருந்த கடிகாரமே அதன் முதன்மைத் தொழிலாயிற்று. 2012இல் மெட்ரோ ரயில் பணியின்போது மௌண்ட் ரோடுக் கட்டடத்தின் பின்பகுதி இடிக்கப்பட்டது. மரபுக் கட்டடங்களைக் காக்க விழைவோர் உயர்நீதிமன்றம் வரை சென்றனர். சாலையை நோக்கிய முகப்பும் அதன் கடிகாரமும் எஞ்சின.