பல் ஸ்கேனரின் துல்லியம் அளத்தல்

வாய்க்குள் நுழைத்துப் படமெடுக்கும் ஸ்கேனர் தரும் முப்பரிமாண வடிவம், உண்மைப் பல்லிலிருந்து எத்தனை மைக்ரான் விலகுகிறது என்று கண்டறிவது. பல்லின்மேல் பொருத்தும் கேப்பின் விளிம்புக்கும் பல்லுக்கும் நடுவே 120 மைக்ரான் வரை இடைவெளி இருக்கலாம் என்று மெக்லீனும் ஃபான் ஃபிரவுன்ஹோஃபரும் 1971இல் சொன்ன வரம்பே இன்றும் எடுத்தாளப்படுகிறது. அதில் ஸ்கேனருக்குக் கிடைப்பது ஒரு பங்குதான். கேப்பைக் கடையும் எந்திரமும் சிமெண்டும் மீதியைத் தின்றுவிடும்.

சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 5725 துல்லியத்தை இரண்டாகப் பார்க்கிறது: உண்மை அளவை ஒட்டியிருப்பது (ட்ரூனஸ்), மறுபடி மறுபடி எடுத்தாலும் அளவு மாறாதிருப்பது (பிரிசிஷன்). ஓசூர் சிப்காட்டில் வண்டி உதிரிபாகங்களைச் சோதிக்கும் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவுக்கு இது அன்றாடப் பாடம். ஒவ்வொரு முறையும் ஒரே அளவைக் காட்டும் மைக்ரோமீட்டர், ஒவ்வொரு முறையும் தவறாகவே காட்டிக்கொண்டிருக்கலாம்.

ஆய்வகத்தில் வைத்து ஸ்கேன் செய்யும் கருவிகளுக்கு ஐஎஸ்ஓ 12836, வாய்க்குள் செல்பவற்றுக்கு 2019இல் வந்த ஐஎஸ்ஓ 20896-1. அடிப்படை ஒன்றே: அளவு முன்பே தெரிந்த பொருளை ஸ்கேன் செய்து ஒப்பிடுவது. அந்தத் தெரிந்த அளவை, பொருளின் புள்ளிகளை முப்பரிமாணத்தில் அளக்கும் சிஎம்எம் எந்திரம் தரும். அப்படி அளப்பதற்கு ஐஎஸ்ஓ 1 குறித்த வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ். கிருஷ்ணகிரிக் கோடையில் 35 டிகிரியில் கிடக்கும் 60 மில்லிமீட்டர் எஃகுத் துண்டு சுமார் 10 மைக்ரான் நீண்டிருக்கும். பிளாஸ்டிக் மாதிரியென்றால் பல மடங்கு. ஏசி அறையில் வைத்து ஆறவிடாமல் அளந்த எண்ணை நம்ப முடியாது.

தனிப் பல்லில் ஸ்கேனர்கள் பொதுவாகத் தேறிவிடுகின்றன. சிக்கல் முழுத் தாடையில்தான். சிறு சிறு படங்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்திக்கொண்டே போவதால், பிழை கடைவாய்ப்பல்லிலிருந்து எதிர்க் கடைவாய்ப்பல்வரை சேர்ந்துகொண்டே போகும். பல் இல்லாத, வழவழப்பான ஈறில் பொருத்த அடையாளமே கிடைக்காது.

பல ஆய்வுகள் ஸ்கேன் வடிவத்தையும் உண்மை வடிவத்தையும் மென்பொருளில் ‘பெஸ்ட் ஃபிட்’ முறையில் பொருத்திச் சராசரி விலகலைச் சொல்கின்றன. இது ஸ்கேனருக்குச் சாதகமான கணக்கு. விரிந்துபோன தாடையின் பிழையை மென்பொருள் இரு பக்கமும் பங்குபோட்டுக் குறைத்துக் காட்டிவிடும். மாதிரியில் பொருத்திய இரு கோளங்களின் மையங்களுக்கிடையே நேராகத் தூரம் அளந்தால் அந்தச் சலுகை இல்லை.

உயிருள்ள வாயில் வேறொரு தடை: அங்கே சிஎம்எம் நுழைய முடியாது. எச்சிலும் நாக்கும் அசைவும் சேர்ந்த அந்த இடத்தில், அளவு தெரிந்த உலோகச் சட்டத்தைப் பற்களில் தற்காலிகமாகப் பொருத்தி ஸ்கேன் செய்வது ஒரு வழி. பற்களில் பசை வைத்து எடுத்த அச்சோடு ஒப்பிடுவது இன்னொரு வழி. அப்போது அச்சின் சுருக்கமும் ஸ்கேனரின் கணக்கில் ஏறிவிடும்.