ஐந்து பொருள், ஒரு குவளை

முன்னாள் மாணவர் மலர் என்றாலே விடுதி, மெஸ், வாத்தியார்கள் என்று நினைவுகளை எழுதுவது வாடிக்கை. அவற்றை என்னைவிட நன்றாக எழுத ஆட்கள் இருக்கிறார்கள். நான் சங்கரன்கோவில் வெயிலுக்குப் பொருத்தமான ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன். 'பஞ்ச்' என்ற பானத்தின் வரலாறு. ரம் சேர்த்துக் கலக்கும் காக்டெயில்களுக்கெல்லாம் பாட்டி இதுதான். "கல்லூரி மலரில் ரம்மா?" என்று பெரியவர்கள் முகம் சுளிக்க வேண்டாம். கடைசி வரை படித்துவிட்டுத் திட்டுங்கள்!

பஞ்ச் என்றால் ஏதோ வெள்ளைக்காரன் சரக்கு என்றுதான் நாம் நினைத்திருக்கிறோம். ஆனால் அந்தச் சொல் ஆங்கிலத்தில் முதன்முதலாக எழுத்தில் வருவது 1632-இல், கிழக்கிந்தியக் கம்பெனியைச் சேர்ந்த ராபர்ட் ஆடம்ஸ் எழுதிய கடிதத்தில். கடிதம் போனது நம்ம சோழமண்டலக் கரைக்கு. இன்றைய ஆந்திராவின் நிஜாம்பட்டணத்தில் இருந்த ஒரு வணிகருக்கு எழுதியது. கம்பெனிக்காரர்கள் சென்னையில் கோட்டை கட்ட இடம் பெற்றதே 1639-இல்தான். ஆக, பஞ்சுக்குச் சென்னைக் கோட்டையை விட வயது ஏழு அதிகம்!

பெயர் எப்படி வந்தது? 'பாஞ்ச்', அதாவது ஐந்து என்ற வடநாட்டுச் சொல்லிலிருந்து என்று 1670-களில் இந்தியாவைச் சுற்றிய மருத்துவர் ஜான் ஃபிரையர் எழுதினார். ஐந்து பொருள் சேர்வதால் அந்தப் பெயராம். ஒத்துக்கொள்ளாத அறிஞர்களும் உண்டு. ஆனாலும் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம் இதுதான். சாராயம், சர்க்கரை, எலுமிச்சை, தண்ணீர், மசாலா. இவைதான் அந்த ஐந்து. பிரெஞ்சுப் பயணி பெர்னியேர் வங்காளத்தில் கண்ட பஞ்சில் கரும்புவெல்லச் சாராயம் ஊற்றியிருந்தார்கள். ரம் என்பதும் கரும்புப் பாகின் கழிவிலிருந்து வடிப்பதுதானே!

மேற்கிந்தியத் தீவுகளில் கரும்புத் தோட்டங்கள் பெருகியபோது, பஞ்சில் சாராயத்தின் இடத்தை ரம் பிடித்தது. அளவுக்கு அங்கே ஒரு வாய்பாடு உண்டு: புளிப்பு 1, இனிப்பு 2, காரமான சரக்கு 3, தண்ணீர் 4. கான்கிரீட்டுக்கு 1:2:4 போட்டுப் பழகிய நம் சிவில் நண்பர்களுக்கு இது சட்டென்று மனப்பாடம் ஆகிவிடும். 1740-இல் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி எட்வர்ட் வெர்னன், மாலுமிகளுக்கு ஒரு பங்கு ரம்மில் நான்கு பங்கு தண்ணீர் கலந்தே கொடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். ருசிக்காக அல்ல, குடித்துவிட்டு விழாமல் இருப்பதற்காக. 'க்ராக்' என்ற அந்தப் பங்கீடு நின்றது 1970 ஜூலை 31 அன்றுதான். நம் தொழில்காரர் ஒருவருக்கும் இதில் இடம் உண்டு. ரம், எலுமிச்சை, சர்க்கரை சேர்ந்த 'டைக்கிரி'யைக் கலந்தவர் என்று சொல்லப்படும் ஜென்னிங்ஸ் காக்ஸ், 1898 வாக்கில் கியூபாவின் இரும்புச் சுரங்கத்தில் இருந்த அமெரிக்க இன்ஜினியர்.

இது வரை சுவையான கதை. இனிமேல் கொஞ்சம் கசப்பு.

இந்த ரம்முக்கான கரும்பை வெட்டியது யார்? முதலில் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக் கொண்டுபோன அடிமைகள். 1848-இல் பிரெஞ்சுக் காலனிகளில் அடிமை முறை ஒழிந்தது. தோட்டத்துக்கு ஆள் இல்லை. உடனே பார்வை நம் பக்கம் திரும்பியது. 1853-இல் மார்த்தினிக் தீவுக்கும், 1854-இல் குவாதலூப் தீவுக்கும் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதல் கப்பல்கள் போய்ச் சேர்ந்தன. புதுச்சேரியும் காரைக்காலும் அந்தப் பயணத்தின் முக்கியத் துறைமுகங்கள். போனவர்களில் ஏராளமானோர் தமிழர். அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வராது. ஆனால் மாரியம்மன் கும்பிடு மட்டும் இன்னும் போகவில்லை. அந்தத் தீவுகளில் இன்றைக்கும் வீட்டுக்கு வீடு கலக்கும் பானம் 'டி பஞ்ச்', அதாவது குட்டிப் பஞ்ச். ரம், எலுமிச்சை, கரும்புப் பாகு, அவ்வளவுதான். ஐந்து மூன்றாகிவிட்டது, பெயர் மட்டும் ஐந்தாகவே நிற்கிறது. கிழக்கே நம் கரையில் எழுத்தில் ஏறிய பெயரும், அதே கரையிலிருந்து கப்பல் ஏறிய மனிதர்களும் பல ஆயிரம் மைலுக்கு அப்பால் ஒரே தோட்டத்தில் சந்தித்திருக்கிறார்கள். அந்தக் குவளையைக் கையில் எடுக்கிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

நம் ஊருக்கு வருவோம். ரம் என்றால் நமக்கு, லீவில் வரும் மிலிட்டரி மாமாவின் பெட்டிதான் நினைவுக்கு வரும். ராஜாஜி 1937-இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1971-இல் அது தளர்ந்தது, 1974-இல் திரும்பியது. 1983-இல் டாஸ்மாக் பிறந்தது, 2003-இல் சில்லறைக் கடையும் அதன் கைக்கே போனது. அதனால் எத்தனை வீட்டு அடுப்பு அணைந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெர்னன் நான்கு பங்கு தண்ணீர் ஊற்றச் சொன்னார். நம்மாட்கள் அந்தத் தண்ணீரைத்தான் முதலில் மறந்தார்கள்.

ஆனால் பாருங்கள், சரக்கு இல்லாத ஒரு பஞ்ச் நம் வீடுகளில் எப்போதும் இருந்திருக்கிறது. அதுதான் பானகம்! வெல்லம், தண்ணீர், எலுமிச்சை, சுக்கு, ஏலம். எண்ணிப் பாருங்கள், சரியாக ஐந்து. சாராயம் தொண்டையில் தரும் சுறுக்கென்ற காரத்தை இங்கே சுக்கு தந்துவிடுகிறது.

செய்முறை சுலபம். அரை லிட்டர் தண்ணீரில் 100 கிராம் வெல்லத்தைக் கரைத்து வடிகட்டுங்கள். ஒரு எலுமிச்சம்பழம் பிழியுங்கள்; எலுமிச்சைக்குப் பேர்போன புளியங்குடி பக்கத்தில்தானே இருக்கிறது. அரை ஸ்பூன் சுக்குப்பொடி, மூன்று ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு. மண்பானையில் ஒரு மணி நேரம் வையுங்கள். ஃபிரிட்ஜில் வைப்பதானால் வெல்லம் சற்றுக் கூட வேண்டும், ஏனென்றால் குளிர் ஏற ஏற நாக்குக்கு இனிப்பு குறைவாகத் தெரியும். வெல்லத்துக்குப் பதில் கருப்பட்டி போட்டால் பனையேறிக்கும் நாலு காசு போகும்.

ஆடித்தபசுக்கு ஊருக்கு வரும் நண்பர்கள் பிள்ளைகளுக்கு இதைக் கலந்து கொடுங்கள். கூடவே காரைக்காலிலிருந்து கப்பல் ஏறியவர்களின் கதையையும் சொல்லுங்கள். படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. பார்ட்டியில் யாராவது "பஞ்ச்" என்று நீட்டினால், "எங்க வீட்டில் இதுக்குப் பேர் பானகம்" என்று தைரியமாகச் சொல்லுங்கள்.