நீலப்பல் ராஜா கட்டிய பாலம்

என் நண்பர் ஒருவர் சங்கீதப் பைத்தியம். 1984-ஆம் வருஷத்தில் மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, ஒரு ஸ்டீரியோ ஆம்ப்ளிபயரும் பெரிய ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டும் வாங்கினார். இன்றும் அவை பழுதில்லாமல் பாடுகின்றன. ஆனால் பாட்டெல்லாம் இப்போது கைப்பேசிக்குள் குடி போய்விட்டது. "பழைய சாமான்காரனிடம் போட்டுவிடலாம், அப்பா!" என்று மகன் சொல்ல ஆரம்பித்துவிட்டான். நண்பர் என்னிடம் ஓடி வந்தார்.

"ஸார், புளூடூத் ரிசீவர் என்று ஒரு சின்னப் பெட்டி விற்கிறார்களாம். அதை மாட்டினால் கைப்பேசிப் பாட்டு பழைய ஸ்டீரியோவில் கேட்குமாம். கடைக்காரர் பத்து விதம் காட்டுகிறார். எதை வாங்குவது?"

"முதலில் அந்தப் பெயருக்குரிய ராஜாவைத் தெரிந்துகொள்ளுங்கள்" என்றேன்.

நண்பர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். கதை எழுதுகிறவனிடம் யோசனை கேட்டது தம் தவறுதான் என்று நினைத்திருப்பார். ஆனால் நான் சொல்ல வந்தது கதையல்ல, சரித்திரம்.

பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க் தேசத்தை ஹரால்ட் என்ற அரசன் ஆண்டான். அவனுடைய பட்டப் பெயர் 'நீலப்பல்'. அதைத்தான் ஆங்கிலத்தில் 'புளூடூத்' என்கிறார்கள். செத்துக் கறுத்துப்போன பல் ஒன்று அவன் வாயில் இருந்ததால் வந்த பெயர் என்பது பலருடைய கருத்து. பல் எப்படியிருந்தாலும் ஆள் சாமர்த்தியசாலி. யெல்லிங் என்ற ஊரில், தாய் தந்தையரின் நினைவாக ஒரு பெரிய கல்லை நிறுத்தினான். டென்மார்க் முழுவதையும் நார்வேயையும் தன் வசமாக்கியவன், டேனியர்களைக் கிறிஸ்தவர்களாக்கியவன் என்று தன் பெருமையையும் அதிலேயே பொறித்து வைத்தான். நம் ஊர் மெய்க்கீர்த்திகளைப் படித்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இராது!

அவன் செய்த இன்னொரு காரியம் எனக்கு அதைவிடப் பிடித்தது. யெல்லிங்குக்குத் தெற்கே ராவ்னிங் என்ற இடத்தில், சதுப்பு நிலத்தின் குறுக்கே, கருவாலி மரங்களை நட்டு ஒரு பாலம் கட்டினான். காலம் ஏறத்தாழ கி.பி. 980. நீளம் சுமார் 760 மீட்டர். அகலம் 5 மீட்டர். இந்தக் கரையில் புறப்பட்டவன் கால் நனையாமல் அந்தக் கரைக்குப் போகலாம்.

ஆயிரம் வருஷம் கழித்து இந்த ராஜா ரேடியோ உலகத்துக்கு எப்படி வந்து சேர்ந்தான்? சுவீடன் நாட்டு லுண்ட் நகரில், எரிக்ஸன் கம்பெனியில் யாப் ஹார்ட்ஸன் என்ற டச்சுக்காரப் பொறியியலாளர் இருந்தார். 1994-இல், கம்பியில்லாமல் அருகிலுள்ள கருவிகளைப் பேச வைக்கும் குறுந்தூர ரேடியோவை அவரும் சகாக்களும் உருவாக்கத் தொடங்கினார்கள். லுண்ட் இருக்கும் பிரதேசம் 1658 வரையில் டென்மார்க்கைச் சேர்ந்தது என்பது ஒரு வேடிக்கை.

இதே போன்ற முயற்சியில் வேறு கம்பெனிகளும் இறங்கியிருந்தன. எல்லாரையும் ஒன்று சேர்த்தாக வேண்டும். 1997-இல் இன்டெல் கம்பெனியின் ஜிம் கார்டாக்கும், எரிக்ஸனின் ஸ்வென் மாட்டிஸனும் கனடாவின் டொராண்டோ நகரத்தில் ஒரு மதுக்கடையில் உட்கார்ந்து சரித்திரம் பேசினார்கள். மாட்டிஸன் வைகிங்குகளைப் பற்றிய நாவல் ஒன்றைப் படித்திருந்தார். ஹரால்டின் காலத்தில் நடக்கும் கதை அது. ஊருக்குத் திரும்பிய கார்டாக், வைகிங் சரித்திரப் புத்தகம் ஒன்றில் யெல்லிங் கல்லைப் பற்றிப் படித்தார். பிரிந்து கிடந்தவர்களை ஒன்று சேர்த்த ராஜாவின் பெயரே இந்த முயற்சிக்குத் தகும் என்று தோன்றியது.

தற்காலிகமாக வைத்த பெயர்தான். ஆனால் பிறகு யோசித்த பெயர்களில் ஒன்று ஏற்கெனவே எங்கும் புழங்கியது. இன்னொன்றுக்கு உரிமை உண்டா என்று பார்த்து முடிக்க அவகாசமில்லை. தற்காலிகமே நிரந்தரமாயிற்று. 1998-இல் எரிக்ஸன், இன்டெல், நோக்கியா, ஐ.பி.எம்., தோஷிபா ஆகிய ஐந்து கம்பெனிகள் கூடிச் சங்கம் அமைத்தன. ஹரால்டின் 'ஹ', புளூடூத்தின் 'பி' என்ற இரண்டு பழைய ரூன் எழுத்துக்களைப் பின்னியதுதான் இன்று கைப்பேசியில் நாம் காணும் சின்னம்.

"இதெல்லாம் சரி, ரிசீவர்?" என்றார் நண்பர்.

அதற்குத்தான் வருகிறேன். ஆரம்பத்தில் இந்தப் பாலத்தில் போன ஒலி, பெரும்பாலும் பேச்சுதான். இசை போவதற்கான பொது விதிமுறை 2003-இல்தான் வந்தது. காரணம் என்ன? இசைத்தட்டில், அதாவது ஸி.டி.யில், வினாடிக்கு 14,11,200 'பிட்'கள் ஓடுகின்றன. பழைய புளூடூத்தின் மொத்த வேகமே வினாடிக்கு 10 லட்சம் பிட். வைக்கோல் வண்டி சந்துக்குள் நுழையுமா? ஆகவே இசையைச் சுருக்கி மூட்டை கட்டி அனுப்பி, அக்கரையில் பிரிக்கிறார்கள். மூட்டை கட்டும் முறைக்குக் 'கோடெக்' என்று பெயர்.

எஸ்.பி.ஸி. என்ற முறை எல்லாக் கருவிகளிலும் இருந்தே தீர வேண்டும். சந்தையில் எல்லாருக்கும் புரியும் பொதுப் பேச்சு அது. ஏப்டெக்ஸ் என்பது அயர்லாந்துத் தீவின் பெல்ஃபாஸ்ட் சர்வகலாசாலையில் 1980-களில் நடந்த ஆராய்ச்சியில் பிறந்தது. 'ஜுராஸிக் பார்க்' படம் 1993-இல் வந்தபோது, தியேட்டர்களில் டி.டி.எஸ். ஒலிக்கு அது உதவியது. எல்.டி.ஏ.ஸி. என்பது ஸோனி கம்பெனி 2015-இல் கொண்டு வந்தது. வினாடிக்கு 9,90,000 பிட் வரை அனுப்பும்.

கடையில் இந்தப் பெயர்களை அடுக்கிச் சொல்லி விலையை ஏற்றுவார்கள். இங்கேதான் ஏமாறக்கூடாது. உங்கள் கைப்பேசி ஐபோன் என்றால் ஏ.ஏ.ஸி. என்ற பாஷையும் பொதுப் பேச்சும் மட்டுமே அதற்குத் தெரியும். அதற்கு ஏப்டெக்ஸ் ரிசீவர் வாங்குவது, தமிழ் மட்டும் தெரிந்தவருக்குப் பாரசீகப் பண்டிதரைத் துபாஷியாக வைப்பது போலத்தான். இரண்டு பக்கமும் அறிந்த பாஷைக்கே மதிப்பு.

அக்கரையையும் பார்க்க வேண்டும். ஆம்ப்ளிபயரின் பின்புறம் 'போனோ' என்று ஒரு துவாரம் உண்டு. கிராமபோன் முள்ளிலிருந்து வரும் மெல்லிய மின்சாரத்துக்கென்றே ஏற்பட்டது அது. அதில் ரிசீவரைச் செருகினால் பாட்டு அலறும். 'ஆக்ஸ்' அல்லது 'டேப்' என்று எழுதிய துவாரமே சரியானது. காரானால், ஆக்ஸ் துவாரம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இருந்தால், 12 வோல்ட் துவாரத்தில் மின்சாரம் எடுக்கும் ரிசீவர் போதும். வண்டி வேகம் ஏற ஏறப் பாட்டோடு ஒரு கீச்சுக் குரலும் ஏறினால், குற்றம் பாடகருடையதல்ல. மின்சாரம் இரண்டு வழியாகத் தரையைத் தேடுவதுதான் காரணம். அதைத் தடுக்கும் சிறு சாதனம் ஒன்றை ஆக்ஸ் கம்பியின் நடுவே வைத்தால் சத்தம் அடங்கும்.

நண்பர் தம் கைப்பேசிக்கு என்ன பாஷை தெரியும் என்று விசாரித்துக்கொண்டு போய், நடுத்தர விலையில் ஒன்று வாங்கினார். அன்று மாலை அவர் வீட்டில் ஸ்பீக்கர்கள் பாடின. மகன் தன் கைப்பேசியையும் இணைத்துப் பார்த்தான். பழைய சாமான்காரன் பேச்சு அதோடு நின்றது.

ஹரால்டின் கதை அவ்வளவு மங்களமாக முடியவில்லை. சொந்த மகன் ஸ்வேனே அவனுக்கு எதிராகக் கிளம்பினான். தோற்று ஓடிய ராஜா 986-ஐ ஒட்டி மாண்டான். ராவ்னிங் பாலத்தையும் யாரும் பழுது பார்க்கவில்லை. சில வருஷங்களில் அது சதுப்பில் அமிழ்ந்தது. ஆனால் கரைகள் இரண்டும் இன்னும் இருக்கின்றன. நண்பரின் சின்னப் பெட்டியும் ஐந்தாறு வருஷத்தில் பழசாகிவிடும், வேறொன்று வாங்கிக்கொள்ளலாம். பாலம் போனால் புதுப்பாலம் போடலாம். பாலம் இல்லை என்பதற்காகக் கரையைத் தூக்கி எறிகிறோமே, அதுதான் பரிதாபம்.