மூலையில் போடப்பட்ட தூதர்

பன்னிரண்டு வருஷமாக டெல்லிவாசி நான். போன வாரம் வந்த மாற்றல் பட்டியலில் என் பெயருக்கு நேரே ராஞ்சி என்று இருந்தது. "மூலையில தூக்கிப் போட்டுட்டாங்களே சார்" என்று துக்கம் விசாரித்தார் பக்கத்து சீட்டுக்காரர். அன்று சாயங்காலம் பஸ் சாணக்கியபுரியைத் தாண்டும்போது, அங்கே இருக்கும் வத்திக்கான் தூதரகம் ஞாபகத்துக்கு வந்தது. கூடவே பேராயர் ஏஞ்சலோ ரொன்காலியும்.

இத்தாலியில், பெர்கமோ பக்கத்து கிராமத்தில், குத்தகை விவசாயி வீட்டில் 1881-ல் பிறந்தவர். 1925-ல் பேராயர் பட்டம் கொடுத்து பல்கேரியாவுக்கு அனுப்பினார்கள். ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களின் நாடு அது, கத்தோலிக்கர்கள் சொற்பம்.

வத்திக்கான் பிரதிநிதிகளில் நுன்சியோ என்றால் முழு அந்தஸ்துள்ள தூதர். அப்போஸ்தலிக்க டெலிகேட் என்றால் உள்ளூர் திருச்சபைக்கு மட்டும்தான் பிரதிநிதி. அரசாங்கம் அவரைத் தூதராகக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை. ரொன்காலி முதலில் வெறும் பார்வையாளர், 1931-லிருந்து டெலிகேட். சும்மா இருந்திருக்கலாம். அவரோ 1928 பூகம்பத்தில் நிவாரண வேலைக்கு இறங்கினார். மன்னர் போரிஸ் வரைக்கும் பழக்கம் உண்டானது.

1934 கடைசியில் இஸ்தான்புல்லுக்கு மாற்றல். துருக்கிக்கும் கிரீஸுக்கும் சேர்த்து. மறுபடி டெலிகேட்தான். பொது இடத்தில் மத உடை கூடாது என்று துருக்கி சட்டம் போட்டது. பேராயர் சண்டைக்குப் போகவில்லை, கோட்டு சூட்டு மாட்டிக்கொண்டார்.

பிறகு யுத்தம் வந்தது. நாஜிகளிடம் சிக்கிய யூதர்கள் தப்பிக்கும் வழிகளில் ஒன்று இஸ்தான்புல். 1943-ல் பழைய பழக்கத்தை நம்பி, யூதர்களுக்காக போரிஸுக்குக் கடிதம் எழுதினார். 1944-ல் பாலஸ்தீனக் குடியேற்றச் சான்றிதழ்களை திருச்சபையின் தபால் வழியே ஹங்கேரிக்கு அனுப்பிவைத்தார்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பல்கேரியாவின் சுமார் 48,000 யூதர்கள் பிழைத்ததற்கு முக்கியக் காரணம் அந்நாட்டு ஆர்த்தடாக்ஸ் ஆயர்களும் எம்.பி.க்களும் காட்டிய எதிர்ப்பு. பல்கேரியா பிடித்துவைத்திருந்த திரேஸ், மாசிடோனியா பகுதிகளிலிருந்து 11,000-க்கும் மேற்பட்டவர்கள் சாவுக்குத்தான் அனுப்பப்பட்டார்கள். ரொன்காலியால் எல்லோரையும் காப்பாற்ற முடியவில்லை. கைக்கு எட்டியதைச் செய்தார்.

1944 டிசம்பரில் திடீரென்று பாரீஸ் நுன்சியோ பதவி. ஜெர்மன் ஆதிக்கத்துக்குத் தலையாட்டிய விஷி அரசிடம் இருந்த பழைய நுன்சியோவை டி கோல் ஏற்க மறுத்துவிட்டார். விஷியோடு ஒத்துப்போன ஆயர்கள் பலரை நீக்கவேண்டும் என்று பிரான்ஸ் அரசு கேட்டது. ரொன்காலி அவசரப்படவில்லை. பேசிப் பேசி ஆறப்போட்டார். கடைசியில் விலகியவர்கள் ஒரு சிலரே. இதில் எனக்கு நெருடல் உண்டு. தப்பித்தவர்களில் தண்டிக்கப்பட வேண்டியவர்களும் இருந்திருக்கலாம் அல்லவா?

1958-ல் அவர் போப் 23-ஆம் ஜான் ஆனார். 1962 அக்டோபரில், கியூபா ஏவுகணை நெருக்கடியின்போது, இரண்டு தரப்பையும் பேச்சுவார்த்தைக்கு வரச்சொல்லி வானொலியில் வேண்டினார். அதிகாரம் இல்லாத ஊர்களில் இருபது வருஷம் கற்றுக்கொண்ட மொழி அது.

ராஞ்சிக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். பக்கத்து சீட்டுக்காரருக்கு இந்தக் கதையைச் சொன்னேன். "நீங்க போப் ஆகப் போறதில்லையே சார்" என்றார். அதுவும் சரிதான். ஆனால் இஸ்தான்புல்லில் இருந்தபோது அவருக்கும் அது தெரியாதே!