அத்தாட்சிப் பத்திரமும் நியாயஸ்தல அதிகாரமும்

‘தெர்ஹாட்’, ‘சூலிட்’, ‘ரஹ்சியா’, ‘ரஹ்சியா பெசார்’ என்னும் நான்கு முத்திரைகளுள் ஒன்று பதிந்த காகிதத்தைக் குறித்து, அமைச்சரோ மாநில மந்திரி புசாரோ பொறுப்புடைய உத்தியோகஸ்தரோ ‘இஃது அரசாங்க இரகசியமே’ எனக் கையெழுத்திட்டு அத்தாட்சிப் பத்திரம் வழங்கிவிட்டால், மலேசியாவின் 1972ஆம் ஆண்டு அதிகாரத்துவ இரகசியச் சட்டத்தின் 16ஏ பிரிவுப்படி அதுவே முடிவான சாட்சியமாகும். எந்த நியாயஸ்தலமும் எக்காரணத்தை முன்னிட்டும் அதை ஆட்சேபிக்க இயலாது. மாநில ஆட்சிக்குழுவின் ஆவணங்கள் சட்டத்தின் அட்டவணையிலேயே இடம்பெற்றிருப்பதால், எடுத்துக்காட்டாக ஜொகூர் ஆட்சிக்குழுவின் கோப்பு முத்திரைக்கும் காத்திராமல் இரகசியமாகிவிடுகிறது.

இந்தத் தடை ஆதியில் இல்லை. பிரிட்டிஷ் சட்டத்தைப் பின்பற்றிய 1950ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமும், அதன் வழிவந்த 1972ஆம் ஆண்டுச் சட்டமும் இரகசியத்தை வெளியிட்டவரைத் தண்டித்தனவேயன்றி, இரகசியம் எது என்னும் வினாவை நீதிபதியிடமிருந்து பறிக்கவில்லை. அந்நாளைய எதிர்க்கட்சித் தலைவர் லிம் கிட் சியாங், கடற்படைக் கப்பல் கொள்முதல் விஷயத்தை வெளிப்படுத்தியதற்காக இச்சட்டத்தின்கீழ் அபராதம் விதிக்கப்பெற்றதும் அக்காலத்திலேதான். மருத்துவமனை மரணம் ஒன்றைப் பற்றிய அரசாங்க விசாரணை அறிக்கையைத் தர மறுத்த வழக்கில், ஆவணம் இராஜாங்க காரியமா அன்றா என்பதை நியாயஸ்தலமே நிர்ணயிக்கும் என்று, பின்னாளில் பேராக் சுல்தானாகிய ராஜா அஸ்லான் ஷா 1978இல் தீர்ப்புரைத்தார். அவ்வளவு தெளிவாகத் திறந்த கதவை 1986ஆம் ஆண்டுத் திருத்தம் அடைத்துவிட்டது. முந்திய ஆண்டில் இச்சட்டத்தின்கீழ் இரு பத்திரிகையாளர் அபராதத்தோடு தப்பியதனாலோ என்னவோ, ஓராண்டுக்குக் குறையாத சிறைவாசமும் அத்திருத்தத்தில் கட்டாயமாயிற்று.

இத்தடை வந்தபின், சிலாங்கூர் குடிநீர் ஒப்பந்தத்தையும் அதன் தணிக்கை அறிக்கையையும் காட்டுமாறு மலேசியத் தொழிற்சங்கக் காங்கிரசு கேட்டபோது, 2010இல் உயர் நீதிமன்றம் இசைந்தது. மறு ஆண்டே மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்வாணையை ரத்துச் செய்தது.

அமெரிக்காவில் ஒட்டுக்கேட்பை அனுமதிப்பதற்காக 1978இல் அமைந்த இரகசியக் கண்காணிப்பு நீதிமன்றம், தன் தீர்ப்புகளைப் பொதுமக்கள் கேட்டுப் பெறும் மனுவை விசாரிக்கத் தனக்கு அதிகாரமில்லை என 2020இல் அதன் மேல்மன்றம் கூறக் கேட்டது. மலேசியாவிலோ சொஸ்மா எனப்படும், பாதுகாப்புக் குற்றங்களுக்கான 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒட்டுக்கேட்பை அனுமதிப்பவர் அரசாங்க வழக்கறிஞர். ஆதலின் கதவு தட்டுவதற்கு அத்தகைய நீதிமன்றமே இல்லை. மாநிலங்களுள் பினாங்கும் சிலாங்கூரும் தகவல் சுதந்திரச் சட்டம் இயற்றியுள்ளன, ஜொகூர் இயற்றவில்லை.

1எம்டிபி என்னும் அரசாங்க முதலீட்டு நிறுவனத்தைப் பற்றி, 2016இல் இரகசியமாக்கப்பட்ட தணிக்கை அறிக்கை 2018 மே மாதம் வெளிவந்தது. அதை விடுவித்தது நீதிமன்ற ஆணையன்று. பொதுத்தேர்தலில் ஆட்சி மாறியபின் நிருவாகமே இரகசிய முத்திரையை நீக்கியது.