மகமையும் வரிச்சட்டமும்

மகமை என்பது சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை உள்ளிட்ட ஊர்களின் நாடார் உறவின்முறைகள், வணிகச் சரக்கின் அளவுக்கேற்பப் பிரித்துவந்த பொதுநிதி. கோயில், கிணறு, பள்ளி ஆகியவை இதில் எழுந்தன. காமராசர் படித்த விருதுநகர் சத்திரிய வித்யாசாலை, மகமையோடு வீடுதோறும் பெற்ற பிடி அரிசியாலும் நடந்தது. ஊர்க் கட்டுப்பாடே வசூலித்தது, வரிச்சலுகை தூண்டவில்லை.

1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் இதற்குப் புதுக் கணக்கு வகுத்தது. குறிப்பிட்ட மதத்தார் அல்லது சாதியாரின் நலனுக்கென்றே 1962 ஏப்ரல் 1 முதல் தொடங்கிய அறக்கட்டளைகளுக்கு அச்சட்டத்தின் 13ஆம் பிரிவு வரிவிலக்கை மறுத்தது. பழையவை தப்பின. ஆனால் நன்கொடையாளருக்குக் கழிவு தரும் 80ஜி பிரிவும் சாதிக்குரிய அமைப்புகளை ஏற்கவில்லை. அதனால் எல்லாச் சாதியாருக்கும் கதவு திறந்த கல்வி நிறுவனமே நிதி திரட்ட வசதியானது.

மகமையையொத்த வடநாட்டு 'தர்மாதா' வசூல், வணிகரின் வருமானமாகாது என்று பிஜிலி காட்டன் மில்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

80ஜி கழிவுக்கான ரொக்க நன்கொடை உச்சவரம்பு 2017இல் 10,000 ரூபாயிலிருந்து 2,000 ஆகக் குறைந்தது. ரொக்கத்தில் புழங்கும் கடைத்தெருவுக்கு இது சங்கடமே. 2020இல் அறிமுகமான புதிய வரிமுறையைத் தேர்ந்த தனிநபருக்கு 80ஜி கழிவே இல்லாமல்போனது. ரசீதைக் கேளாமல் கொடுக்கும் மகமைக்காரரை இம்மாற்றம் அவ்வளவாகத் தொடுவதில்லை.