நகத்தில் ஒட்டிய இறகு

சைபீரியக் கொக்குக்கு அறிவியல் பெயர் கிடைத்தது 1773-இல். ரஷ்யப் பேரரசின் பணியில் இருந்த ஜெர்மானியர் பல்லாஸ் அதை விவரித்து எழுதினார். வங்க வரகுக்கோழியை 1789-இல் கிமெலின் பட்டியலில் சேர்த்தார். பறவை நூல்களில் இந்த இரண்டு அறிவியல் பெயர்களுக்கும் பக்கத்தில் இன்றுவரை அந்த இருவர் பெயரும் நிற்கின்றன. ஆனால் அவர்களுக்கு ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகள் முன்பே இதே பறவைகளை இறகு இறகாகப் பார்த்து வரைந்துவைத்த ஒருவர் இந்த நாட்டில் வாழ்ந்தார். முகலாய அரசவையின் ஓவியர் உஸ்தாத் மன்சூர். அவர் கைவண்ணம் என்று அறிஞர்கள் சொல்லும் அந்த இரு படங்களும் கொல்கத்தாவின் இந்திய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

நான் பள்ளிப் பிள்ளைகளுக்கான பறவைக் கையேடுகளுக்குப் படம் வரைகிறவன். இந்தத் தொழிலில் கால்தான் சோதனை. இறகில் சறுக்கினால் வண்ணத்தைக் கொண்டு சமாளித்துவிடலாம். காலில் சறுக்கினால் ஒளிக்க இடமில்லை. எந்த விரல் முன்னால், எந்த விரல் பின்னால், எவ்வளவு நீளம், செதில் எங்கே பெரிதாகி எங்கே சிறிதாகிறது என்று எல்லாம் வெளியே தெரியும். அதனால் யார் வரைந்த பறவையைப் பார்த்தாலும் என் கண் முதலில் காலுக்குத்தான் போகும். அந்தச் சைபீரியக் கொக்கின் நகம் ஒன்றில் சின்னஞ்சிறு இறகு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. முகத்தில் இறகில்லாத பகுதியின் தோல் சுருக்கங்கள்கூட விடுபடவில்லை. மனத்தில் இருக்கும் கொக்கை வரைகிறவருக்கு நகத்தில் ஒட்டிய இறகு தோன்றவே தோன்றாது. எதிரே ஒரு பறவை நின்றிருக்கிறது. தன் இறகைத் தானே கோதியிருக்கிறது, அல்லது கூண்டில் உதிர்ந்ததை மிதித்திருக்கிறது. வரைகிறவர் அதைக் கவனித்தார். தேவையில்லை என்று ஒதுக்காமல் வரைந்தும் வைத்தார்.

மன்சூர் தொடக்கத்தில் நக்காஷ், அதாவது ஏடுகளின் ஓரத்திலும் தலைப்பிலும் பொன்னும் வண்ணமுமாகப் பூவேலை செய்கிறவர். அக்பரின் ஓவியக்கூடத்தில் 1590-ஐ ஒட்டி உருவான பாபரின் நினைவுக்குறிப்பான பாபர் நாமாவின் பிரதியில் அவர் பெயர் வருகிறது. அந்தக் கூடத்தில் ஒரு படத்தைப் பலர் சேர்ந்தே முடிப்பார்கள். மூத்தவர் கோடு போட்டுத் தருவார். இளையவர் வண்ணம் தீட்டுவார். முகத்தை மட்டும் எழுத வேறொருவர் வருவார். கோடு யாருடையது, வண்ணம் யாருடையது என்று எழுத்தர் படத்தின் கீழே குறித்துவைப்பார். அந்தக் குறிப்புகள் இல்லாவிட்டால் இன்று நமக்குப் பாதிப் பேருடைய பெயரே தெரிந்திராது.

வேலைக்கான பொருள்களைத் தயாரிப்பதே தனிக்கல்வி. பல தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி, அகேட் கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். அணில் வால் மயிரைக் கட்டிப் பறவை இறகின் தண்டுக்குள் செருகினால் தூரிகை. நீலத்துக்குப் பதக்‌ஷான் மலையின் லாபிஸ் கல், பச்சைக்கு மலாக்கைட், சிவப்புக்குச் சாதிலிங்கம். கல்லை அரைத்து, கழுவி, பிசினில் குழைத்து, ஒரு பூச்சு காய்ந்த பிறகு அடுத்த பூச்சு. தாளைக் கவிழ்த்துப் பின்புறம் தேய்ப்பார்கள். வண்ணம் தாளோடு ஒன்றிவிடும். இந்தப் பொறுமையில் பழகிய கை, விலங்கின் தோலைப் பார்க்கும்போது வேறு விதமாகப் பார்க்கிறது. வின்ட்சர் கோட்டையில், பிரிட்டிஷ் அரச குடும்பத்தின் சேகரிப்பில் இருக்கும் மன்சூரின் பச்சோந்தியில் தோலின் சொரசொரப்பு முழுவதும் புள்ளிகளால் ஆனது. கால்விரல்கள் இரண்டு கொத்தாகப் பிரிந்து கிளையை இடுக்கிபோலப் பற்றியிருக்கின்றன. பச்சோந்தியின் பிடி அப்படித்தான் இருக்கும்.

1605-இல் ஜஹாங்கீர் அரியணை ஏறினார். ஓவியத்தின் மேல் அவருக்கு இருந்த பித்துக்கு அவர் எழுதிய ஜஹாங்கீர் நாமா என்ற நாட்குறிப்பே சான்று. ஒரே படத்தைப் பல பேர் வரைந்திருந்தாலும் கண்ணை எழுதியது யார், புருவத்தை எழுதியது யார் என்று தன்னால் சொல்ல முடியும் என்று அதில் எழுதுகிறார். காட்டுயிர்களின் மேலும் அதே அளவு பித்து. 1612-இல் அவர் ஆணைப்படி கோவாவுக்குப் போன முகர்ரப் கான், போர்ச்சுகீசியரிடமிருந்து இந்த நாட்டில் யாரும் பார்த்திராத உயிரினங்களை வாங்கி வந்தார். அவற்றில் ஒன்று அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த வான்கோழி. அதன் தலையும் கழுத்தும் நொடிக்கு நொடி நிறம் மாறுவதையும் அலகின் மேல் சதை யானைத் துதிக்கைபோலத் தொங்குவதையும் ஜஹாங்கீர் வரி வரியாக எழுதுகிறார். கொள்ளுப்பாட்டனார் பாபர் விலங்குகளைப் பற்றி எழுதினாரே தவிர அவற்றை வரைய ஓவியர்களுக்கு உத்தரவிடவில்லை, நான் உத்தரவிட்டேன் என்றும் சேர்த்துக்கொள்கிறார். கேட்கிறவர்களுக்கு வியப்பு கூட வேண்டுமென்றால் படம் வேண்டும் என்பது அவர் கட்சி. மன்சூரின் வான்கோழி இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இந்த அரசர் உயிரினங்களிடம் அன்பு மட்டுமே காட்டியவர் என்று சொல்ல முடியாது. பன்னிரண்டு வயது முதல் ஐம்பது வயது வரை தன் வேட்டைகளில் விழுந்தவை 28,532 என்றும், தன் கையால் கொன்றவை மட்டும் 17,167 என்றும் கணக்கெழுதி வைத்தவர் அவர்தான். அதே கணக்கெழுதும் புத்திதான் ஆராய்ச்சியையும் செய்தது. லைலா, மஜ்னூன் என்று பெயரிட்டு ஒரு சாரஸ் கொக்கு இணையை வளர்த்தார். அவை இணைசேர்வதைக் கண்ணால் பார்த்து எழுதினார். முதல் முட்டைக்கு இரண்டு நாள் கழித்து அடுத்த முட்டை. இரவு முழுவதும் பெட்டை அடைகாக்கும். ஆண் பக்கத்தில் காவல் நிற்கும். விடிந்ததும் ஆண் வந்து அலகால் அதன் முதுகைத் தொடும். பெட்டை எழுந்துகொள்ள, ஆண் உட்காரும். முப்பத்து நான்கு நாளில் குஞ்சு பொரித்தது. இன்றைய பறவையியல் சொல்லும் கணக்கும் இதை ஒட்டியதுதான்.

சிவிங்கிப்புலியைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். தந்தை அக்பர் ஆயிரம் சிவிங்கிப்புலிகள் வரை சேர்த்து வைத்திருந்தும், தோட்டத்தில் அவிழ்த்துவிட்டுப் பார்த்தும் அவை இணைசேரவில்லை. 1613-இல் ஜஹாங்கீரிடம் இருந்த ஓர் இணை சேர்ந்து மூன்று குட்டிகள் பிறந்தன. இதற்கு அடுத்து, மனிதர் வளர்ப்பில் சிவிங்கிப்புலி குட்டி ஈன்றதாகப் பதிவாகியிருப்பது 1956-இல், அமெரிக்காவின் பிலடெல்பியா விலங்குக் காட்சிச் சாலையில்!

இந்த ஆராய்ச்சியில் மன்சூருக்கு என்ன பங்கு என்பதற்குக் காஷ்மீரில் நடந்த ஒன்றே போதும். 1620-இல் ஜஹாங்கீர் வசந்த காலத்தில் அங்கே போனார். ஓர் ஓடையில் ஒரு பறவை நீருக்குள் மூழ்கி, நெடுநேரம் கழித்து வேறோர் இடத்தில் எழுந்தது. இன்று டிப்பர் என்கிறோமே, அந்தப் பறவை. இது நீர்ப்பறவையா, நிலப்பறவையா? விரல்களுக்கிடையே வாத்துக்கு இருப்பதுபோல் சவ்வு உண்டா? அரசருக்குச் சந்தேகம் வந்தது. பிடித்துவரச் சொன்னார். இரண்டு பிடிபட்டன. ஒன்று உடனே இறந்தது. மற்றது ஒரு நாள் இருந்தது. பார்த்தால் சவ்வு இல்லை. உடனே மன்சூரை அழைத்து அதை வரையச் சொன்னார். கேள்வி, மாதிரி, சோதனை, பதிவு என்று ஆராய்ச்சிக்கு வேண்டிய எல்லாம் அந்த ஒரே நாளில் நடந்தேறின. இறந்த பறவை அழுகிவிடும். நிறம் சில மணி நேரத்தில் மங்கிவிடும். கேமராவும் பதப்படுத்தும் ரசாயனமும் இல்லாத காலத்தில் அந்த உண்மையைக் காப்பாற்றி அடுத்தவர் கையில் கொடுக்க ஓவியரை விட்டால் வேறு வழி இல்லை. அதே பயணத்தில் மன்சூர் வரைந்த காஷ்மீர்ப் பூக்கள் நூறுக்கு மேல் என்கிறது ஜஹாங்கீர் நாமா.

அதற்கு முந்தைய ஆண்டு, பாரசீக அரசர் ஷா அப்பாஸ் அனுப்பிய ஒரு வேட்டைப் பருந்து வழியில் பூனையிடம் அகப்பட்டுக் காயத்தோடு வந்து சேர்ந்தது. ஒரு வாரம்தான் பிழைத்தது. அதன் சிறகிலும் முதுகிலும் இருந்த கருங்குறிகளின் அழகைச் சொல்லி மாளாமல், மன்சூரை வரையச் சொன்னார் அரசர். 1621-இல் அபிசீனியாவிலிருந்து வரிக்குதிரை வந்தபோது, யாரோ வரி தீட்டி ஏமாற்றுகிறார்கள் என்றே பலர் நினைத்தார்கள். உற்றுப் பார்த்துச் சோதித்த பிறகுதான் அது இயற்கை நிறம் என்று ஒப்புக்கொண்டார்கள். வரிக்குதிரை ஷா அப்பாஸுக்குப் பரிசாகப் பாரசீகம் போய்விட்டது. மன்சூரின் படம் தங்கிவிட்டது. காலத்தின் அதிசயம் என்று பொருள்படும் ‘நாதிருல் அஸ்ர்’ பட்டத்தை ஜஹாங்கீர் அவருக்கு வழங்கியதில் வியப்பில்லை.

இவை எல்லாவற்றையும்விட இன்றைய அறிவியலுக்கு அவர் விட்டுச்சென்ற பெரிய சொத்து ஒரு டோடோ. மொரீஷியஸ் தீவில் மட்டுமே வாழ்ந்த, பறக்காத பறவை. 1598-இல் டச்சுக்காரர்கள் அங்கே இறங்கினார்கள்; 1662-க்குப் பிறகு அதைப் பார்த்ததற்கு நம்பத்தக்க சான்று அரிது. ஒரு நூற்றாண்டுக்குள் ஓர் இனமே முடிந்தது. உயிரோடு ஒரு டோடோ எப்படி இருந்தது என்று அறிய, ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கும் தலையும் காலும், சில எலும்புகளும், மாலுமிகளின் கோட்டுருவங்களும், ஐரோப்பிய ஓவியங்கள் சிலவும்தான் இருந்தன. அந்த ஐரோப்பிய ஓவியங்களில் பறவை உருண்டு திரண்டு இருக்கும். 1950-களில், லெனின்கிராடில் இருந்த ஒரு முகலாய ஓவியம் பறவையியலாளர்கள் பார்வைக்கு வந்தது. 1625-ஐ ஒட்டியது, மன்சூருடையது என்று கருதப்படுவது. அந்தக் காலத்தில் சூரத்தில் இரண்டு டோடோக்களைப் பார்த்ததாக ஆங்கிலப் பயணி பீட்டர் மண்டி எழுதியிருப்பதால், கப்பலில் வந்த பறவையை நேரில் பார்த்தே வரைந்திருக்கலாம். பழுப்பு நிறத்தில், அந்த ஐரோப்பிய டோடோக்களைப் போல ஊதாமல் நிற்கிறது.

இந்த டோடோவை ஏன் நம்ப வேண்டும்? அதே தாளில் அதைச் சுற்றி வேறு பறவைகளும் இருக்கின்றன: இமயமலையின் டிராகோபன், ஒரு சின்னக் கிளி, கல்கௌதாரி, வரித்தலை வாத்து. இவை இன்றும் வாழ்கின்றன, ஒப்பிட்டுப் பார்க்கலாம். வரித்தலை வாத்தைப் பார்க்க நமக்கு இமயம் போக வேண்டியதில்லை. திருநெல்வேலிப் பக்கம் கூந்தன்குளத்துக்கு ஆண்டுதோறும் குளிர்காலத்தில் வருகிறது. வெள்ளைத் தலையில் பின்புறமாக இரண்டு கறுப்புப் பட்டை. படத்திலும் அதே வாத்து. கூட இருக்கும் பறவைகளை இவ்வளவு சரியாக வரைந்த கை, நடுவில் நிற்கும் பறவையை மட்டும் இட்டுக்கட்டியிருக்காது என்பதே அறிஞர்களின் வாதம். நீதிமன்றத்தில் ஒரு சாட்சியின் மற்ற சொற்கள் உண்மை என்று தெரிந்தால் இந்தச் சொல்லுக்கும் எடை கூடுமே, அதுபோல.

சாரஸ் கொக்கு முட்டையிட்ட கணக்கு நம்மிடம் இருக்கிறது. மன்சூர் பிறந்த ஆண்டு எந்த ஏட்டிலும் இல்லை. இறந்த ஆண்டும் இல்லை. விலங்கியல் பெயர் சூட்டும் விதிகள் 1758-இல் வந்த லின்னேயஸின் நூலிலிருந்து தொடங்குகின்றன. லத்தீனில் பெயரிட்டு அச்சில் வெளியிட்டவருக்கே பெருமை. விதி என்ற அளவில் அதை நான் ஏற்கிறேன்; உலகம் முழுவதும் ஒரே பெயர் வழங்க அப்படி ஒரு விதி வேண்டும்தான். ஆனால் பெயரிடுவது வேறு, முதலில் கூர்ந்து பார்ப்பது வேறு. வரலாறு எழுதும்போது இரண்டையும் ஒன்றாக்குவது அநியாயம்.

அந்த அநியாயம் மன்சூரோடு நிற்கவில்லை. 1770-களின் இறுதியில் கல்கத்தாவில் தலைமை நீதிபதியின் மனைவி மேரி இம்பே ஒரு விலங்குத் தோட்டம் வைத்து, பாட்னாவைச் சேர்ந்த ஷேக் ஜைனுத்தீன், பவானி தாஸ், ராம் தாஸ் மூவரையும் அமர்த்திப் படங்கள் வரையச் செய்தார். முந்நூறுக்கு மேற்பட்ட படங்கள். அவை இங்கிலாந்து போயின. அவற்றைப் பார்த்து ஜான் லேதம் பல பறவைகளை விவரித்தார். இமயமலையின் மோனால் பறவையின் அறிவியல் பெயரில் இன்றும் இம்பேயின் பெயர் இருக்கிறது. படத்தின் அடியில் பாரசீக எழுத்தில் கையொப்பமிட்ட ஜைனுத்தீனைப் பறவை ஆர்வலர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

நம் தஞ்சையிலும் இரண்டாம் சரபோஜி காலத்தில் உள்ளூர் ஓவியர்கள் பறவைகளையும் விலங்குகளையும் வரைந்தார்கள். அவற்றில் ஒரு பகுதி லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அழகுக்காக மட்டும் அவற்றைப் புரட்டினால் போதாது. சைபீரியக் கொக்கு 2002-க்குப் பிறகு ராஜஸ்தானின் பரத்பூருக்கு வருவதில்லை. வங்க வரகுக்கோழி அழிவின் விளிம்பில் நிற்கிறது. இருநூறு, நானூறு ஆண்டுகளுக்கு முன் எந்த நிலத்தில் எது வாழ்ந்தது என்று தெரிந்தால்தான் நாம் எதை இழந்தோம் என்று அளக்க முடியும். அந்த அளவுகோலில் ஒரு பகுதி அந்தத் தாள்களில் இருக்கிறது. கலை வரலாற்றாளரும் பறவை ஆய்வாளரும் ஒரே மேசையில் உட்கார்ந்து தஞ்சைப் படங்களை ஒவ்வொன்றாக அடையாளம் காண வேண்டும். அந்தப் பட்டியல் அச்சாகும்போது, பெயர் கிடைத்த ஓவியரைப் பெயர் சொல்லியும், கிடைக்காதவரைத் தஞ்சை ஓவியர் என்றும், முதல் பதிவாளர் என்ற இடத்திலேயே எழுத வேண்டும். அடிக்குறிப்பில் எழுதினால் போதாது.